பெட்டியடிப் பாடம்

முதல் ஐந்நூறு ரூபாய். நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி. ஏழு மாதம் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. வட்டி எவ்வளவு? கடன் வாங்கியவர் எதிரே உட்கார்ந்திருக்க, பர்மாவில் ஒரு செட்டியார் கடையின் பெட்டியடிப் பையன் இதை மனக்கணக்காகவே போட்டுச் சொல்ல வேண்டும். இருபத்தேழே முக்காலே அரைக்கால். அதாவது 27 ரூபாய் 14 அணா. அரைக்காலை விட்டுவிட்டால் அவனுக்கு மேலிருக்கும் அடுத்தாளின் குட்டு தலையில் விழும்.

நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முறையை, வணிக மேலாண்மை வகுப்பு எடுக்கும் ஒருவனாக நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பள்ளியில் எண்சுவடி, அதில் ஒன்றை 320 பங்காக்கிய முந்திரி வரை பின்ன வாய்ப்பாடு. பத்து, பதினான்கு வயதுக்குள் ஒரு கடையில் பெட்டியடி, அதாவது தொழில் பழகும் எடுபிடிப் பையன். கடை பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது, சிட்டை எழுதுவது, அதைப் பேரேட்டில் பெயர்ப்பது. தேறினால் அடுத்தாள். அதற்கும் மேலே போனால் மேலாள், அதாவது கடையையே நடத்தும் முகவர். ‘கொண்டுவிக்க’ப் போனவர் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பார்கள்.

இந்த முறையின் முதல் பலம், கணக்கை அது வைத்த இடம். முதலாளி காரைக்குடிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் இருப்பார். பணமோ கடல் தாண்டி ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயியின் கையில் இருக்கும். நடுவில் இருப்பது கடிதமும் ஐந்தொகையும்தான். உடைமை ஒருவரிடம், நிர்வாகம் இன்னொருவரிடம் என்று இன்றைய பாடநூல் ஒரு முழு அத்தியாயம் எழுதும் சிக்கலை இவர்கள் சம்பளச் சீட்டு என்ற ஒப்பந்தம், கணக்கு முடிப்பு, ஊரில் இருக்கும் நற்பெயர் மூன்றையும் கொண்டு சமாளித்தார்கள். பையன் பதினைந்து வயதில் எழுதிய வரவு உண்மையான வரவு. தப்பினால் உண்மையான நட்டம். எந்தத் தேர்வுத்தாளும் அந்தக் கூச்சத்தைக் கற்றுத்தராது.

இன்று முதல் பருவத்திலேயே ஹென்றி ஃபயோலின் 14 கொள்கைகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஃபயோல் 1860ல் ஒரு பிரெஞ்சுச் சுரங்க நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். 1888ல் அதன் தலைமைக்கு வந்து, நொடித்துப்போகும் நிலையில் இருந்த அதைத் தூக்கி நிறுத்தியவர். தன் நூலை வெளியிட்டது 1916ல். அரை நூற்றாண்டுக்கு மேல் சுரங்கத்தில் உழன்று கண்டதை நாம் இருபது வயதுப் பிள்ளையிடம் பதினான்கு வரியாகக் கொடுக்கிறோம். ஒரு பில்கூட எழுதிப் பார்த்திராத பிள்ளைக்கு ‘ஆணை ஒருமை’ என்ற சொல் எதை நினைவூட்டும்? இந்த இடத்தில் பெட்டியடி முறை நம்முடையதைவிட எவ்வளவோ மேல்.

ஆனாலும் அதைப் பொற்காலமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அதன் குறை அதன் பலத்துக்குள்ளேயே இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரியான கடையில், ஒரே மாதிரியான ஆளிடம் ஒரே பாடத்தைக் கற்றார்கள். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்ததும் அவர்களே. ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துத் தாங்கியதும் அவர்களே. நம்பிக்கைக்கு அது நல்ல ஏற்பாடு. மாற்றுக் கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லை. கடன்காரரை எடைபோடப் பையனுக்குத் தெரியும். நெல் விலையை எடைபோட யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தந்தவருக்கே தெரியாது.

1930ல் உலக மந்தம் பர்மாவுக்கு வந்து நெல் விலை பாதிக்கும் கீழே போனது. வட்டி நின்றது. முதலுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937 வாக்கில் நாலில் ஒரு பங்காயிற்று. அவர்களுக்கு வேண்டியது பணம். வந்ததோ விற்கவும் முடியாத, உழவும் முடியாத நிலம். நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கோபமும் அதோடு சேர்ந்து வந்தது. ஐந்தொகையில் அதற்குப் பற்று வரி கிடையாது. 1942ல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948ல் நிலத் தேசியமயச் சட்டம். அத்துடன் பர்மாத் தொழில் முடிந்தது.

எல்லோருமே அப்படிச் சிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1900ல் பர்மாவின் மோல்மேனில் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம், ஜப்பானியர் வருவதற்கு முன்பே முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, 1949ல் சென்னையில் சைக்கிள் ஆலை வைத்தது. எம். சிதம்பரம் செட்டியார் 1937ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். பெட்டியடிப் பாடத்துக்கு வெளியேயும் பார்க்கக்கூடியவர்கள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஆனால் அந்தப் பார்வையைப் பையன்களுக்குக் கற்றுத்தரும் வழி அந்த முறையில் இல்லை.

இன்னொரு குறை எனக்கு ஆறுவதே இல்லை. ஆச்சிமார், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்களின் பணம் கடையில் முதலாகப் புரண்டது. மூன்று ஆண்டுகள் ஆண்கள் இல்லாத வீட்டின் வரவு செலவு, விசேஷம், வழக்கு எல்லாம் அவர்கள் கையில் நடந்தன. கடைப் பெட்டியருகே மட்டும் அவர்களுக்கு இடமில்லை. நிர்வாகம் தெரிந்தவர்களில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்த முறை வேலை செய்தது.

போன பருவத்தில் என் மாணவர்களிடம் ஒரு கடன் கடையின் கணக்கைத் தயாரித்துக் கொடுத்தேன். பத்துக் கடன்காரர்கள், எல்லோரும் நெல் விவசாயிகள். முதல் இரண்டு வாரம் சிட்டையும் பேரேடும் கையால் எழுத வைத்தேன், கணினி கூடாது. மூன்றாம் வாரம், நெல் விலையைப் பாதியாக்கி ஐந்தொகையை மறுபடி போடச் சொன்னேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எட்டாவது கடன்காரரோடு பேனாவை வைத்துவிட்டு, “சார், பத்துப் பேருமே நெல்லுதானா? ஒருத்தர்கூட வேற தொழில் இல்லையா?” என்று கேட்டாள். மற்றவர்களும் அப்போதுதான் தங்கள் தாளில் பெயர்ப் பட்டியலை மேலிருந்து படிக்க ஆரம்பித்தார்கள்.