கட்டபொம்மன் படம் முடியும் இடம்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் கோவில்பட்டிக்காரர் ஒருவர் வருவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் ஊர்ப்பேச்சு மாறவில்லை. போன வாரம் பஸ்ஸில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஓடியது. தூக்குக் காட்சி முடிந்ததும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "அந்த எட்டப்பன் மட்டும் இல்லன்னா வெள்ளக்காரன் அன்னைக்கே ஓடியிருப்பான்ணே."

எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் பதிந்திருந்தது. 1800-1801 கிளர்ச்சியைப் பற்றி கே. ராஜய்யன் எழுதிய புத்தகத்தைப் படித்த பிறகுதான் கணக்கு இடித்தது. ஏனென்றால் படம் முடிகிற இடத்தில்தான் பெரிய போரே தொடங்குகிறது.

பந்துலுவின் படத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சிவாஜிக்குக் கெய்ரோ விழாவில் விருது வாங்கித் தந்த நடிப்பு அது. என் புகார் வேறு. 1799 அக்டோபர் 16, கயத்தாறு, தூக்கு என்று படம் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறது. நம் நினைவும் அங்கேயே நின்றுவிட்டது. காட்டிக் கொடுத்தவன் என்றாலே எட்டப்பன்தான். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு என்பதுகூட அந்த ஒற்றைப் பெயருக்குள் மறைந்துபோனது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1959-இல் கண்ணதாசன் மருது சகோதரர்களை வைத்து 'சிவகங்கைச் சீமை' எடுத்தார். ஒரே போரின் இரண்டு பாதி, ஒரே வருஷத்தில் இரண்டு படம். முதல் பாதி ஊரெங்கும் ஓடியது, இரண்டாவது அதன் நிழலில் அடங்கிப்போனது. வசூல் ஒரு போரின் திருப்புமுனையைத் தீர்மானித்துவிட்டது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் இல்லை.

இரண்டாவது பாதியில் என்ன நடந்தது? 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கம்பெனி இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மண்ணால் மறுபடி எழுந்தது. மார்ச் 31-ஆம் தேதித் தாக்குதலில் கம்பெனிப் படை அடிவாங்கித் திரும்பியது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. அப்போதும் ஊமைத்துரை தப்பி மருதுகளிடம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது ஒரு பாளையத்துக்கான அழைப்பு அல்ல. எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்துக் கூப்பிட்டது.

பலரும் இந்த அறிக்கையைத்தான் திருப்புமுனை என்பார்கள். நான் செப்டம்பரைச் சொல்வேன்.

ஜூலைக் கடைசியிலிருந்து ஒரு மாதம் முழுக்க, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலை நோக்கிக் கம்பெனிப் படை காட்டை வெட்டிப் பாதை போட்டது. வெட்ட வெட்ட மருதுவின் ஆட்கள் விடாமல் தாக்கினார்கள். கடைசியில் கர்னல் அக்னியூ அந்த வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். ஆயுதத்தால் முடியவில்லை. அப்புறம்தான் கம்பெனி வேறு காரியம் செய்தது. மருதுகளால் ஒதுக்கப்பட்டிருந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவருக்கு, செப்டம்பர் 12-இல் சோழபுரத்தில் முடிசூட்டியது.

ஏன் இது வேலை செய்தது? மருதுகள் வேலு நாச்சியாரின் படைத்தலைவர்கள், பிறகு பிரதானிகள். அரச வம்சம் அல்ல. அவர்கள் பக்கத்திலும் வேங்கண் பெரிய உடையத் தேவர் அரசராக இருந்தார். ஆனால் நடைமுறையில் அதிகாரம் யார் கையில் என்று ஊருக்கே தெரியும். அந்த விரிசலில்தான் கம்பெனி ஆப்பு அடித்தது. 'நாங்கள் நாட்டைப் பிடிக்க வரவில்லை, உரிய வாரிசிடம் ஒப்படைக்க வந்தோம்' என்று காட்டிக்கொள்ள முடிந்தது. போர் வெள்ளைக்காரனுக்கு எதிரானது என்பது மாறி, சிவகங்கை யாருக்கு என்ற வழக்காகிவிட்டது. எங்கள் தொழிலில் சர்வரை உடைக்க முடியாதவன் பாஸ்வேர்டு வைத்திருப்பவரைப் பிடிப்பான், அந்த மாதிரி. அக்டோபர் 1-இல் காளையார்கோவில் விழுந்தது. முடிசூட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மூன்று பக்கத்திலிருந்தும் படை வந்ததுதான் காரணம் என்று மறுக்கலாம். படை ஆகஸ்டிலும் இருந்தது என்பது என் பதில். இதில் ஒரு எட்டப்பனைத் தேடினால் கிடைக்கமாட்டார். கௌரி வல்லபர் தரப்பில் பார்த்தால் தனக்கு உரியதைக் கேட்டவர் அவர். இதை ஒரு வசனத்தில் சொல்ல முடியாது, அதனால்தான் படமாகவில்லையோ என்னவோ.

அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதுகளுக்குத் தூக்கு. நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கு. 1802 பிப்ரவரியில் வேங்கண் பெரிய உடையத் தேவரையும், சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைசாமியையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் கோவில்பட்டிக்காரரிடம் சொன்னேன். கவரைப்பேட்டை தாண்டும்வரை பேசாமல் வந்தார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பய ஊருக்குத் திரும்பி வந்தானாண்ணே?"