வழக்குரை காதையும் தடயவியற் கல்வியும்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கண்ணகியின் கற்புத் திறத்துக்கும் பாண்டியனது செங்கோன்மைக்கும் சான்றாக எடுத்தாள்வது நம் வகுப்பறை மரபு. அதனை ஒரு தடய ஆய்வாக நோக்கினார் அரியர். தடயவியல் பல்கலைக்கழகத்தில் துணைப்பாடமாயின் இலக்கிய மாணாக்கனுக்கு அதனால் ஆவதென்னை என வினவுவார்க்கு, இக்காதையே விடை கூறும் என்பது என் துணிபு.

முதற்கண் கொலைக்களக் காதையை நோக்குவாம். கோவலனது தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கள்வனாதல் இயலாது என ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ கள்வர் கைக்கொள்ளும் எண்வகைத் துணைகளை விரித்துரைத்து அவ்வையத்தை அகற்ற முயல்கின்றான். அவன் உரைத்தது முழுவதும் பொதுவிதி; கோவலன்மீது தனியே சாரும் தடயம் ஒன்றேனும் அதில் இல்லை. கள்வரைப் பற்றிய நூலறிவு எத்துணை மெய்யாயினும், அதனால் எதிரே நிற்பவன் கள்வனாகிவிடான். முகத்தை நம்பிய காவலரும் அதே பிழையை நல்ல பக்கமாகச் செய்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

அவைக்களத்தில் நிகழ்வது வேறு. கண்ணகியின் கையில் இணைச்சிலம்பு இருந்தது. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு அவள் வேண்டவில்லை. புற ஒப்புமையால் விளைந்த தீங்கைப் புற ஒப்புமை கொண்டே தீர்த்தல் எங்ஙனம்? தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான். சிலம்பு உடையுமுன்னரே இருதிறத்தாரும் தத்தம் கூற்றுக்குக் கட்டுப்பட்டுவிடுகின்றனர். உடைந்தபின் கூறியிருப்பின் அக்கூற்றுக்கு யாது மதிப்பு? உரையாசிரியர் பலர் விரைந்து கடந்து செல்லும் இவ்விடமே காதையின் உயிர்நிலை எனக் கருதுகின்றேன்.

இனி, சான்று எப்போதும் மாணிக்கம்போல் அவையிற் தெறித்து விழுவதில்லை. துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபரில் கொழும்பிற் கொலையுண்டார். கணவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், உயிர் பிரிந்த நேரம் எது என்பதே நடுநாயகமான வினாவாயிற்று. சவப் பரிசோதனை செய்தவர் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், எதிரிதரப்பிற் சான்று பகர எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் வந்தார். 1953 சூனில் சதாசிவம் விடுதலை பெற்றார். பின்னர் 1955இல் டி சேரமும் துணைவர் இருவரும், இறந்த உடலின் வெப்பம் குறையும் வகையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அவ்வாய்வுக்கு உதவியவை தூக்கிலிடப்பட்டோர் உடல்கள். உயிர் பிரிந்த கணம் ஐயமின்றித் தெரிவது ஆண்டேயன்றோ! மருத்துவம், பௌதிகம், கணிதம், சட்டம் நான்கும் அவ்வொரு வினாவில் வந்து கூடுகின்றன. எந்த ஒரு துறையாரும் அதனைத் தனித்துத் தீர்த்தல் அரிது.

துறை கடந்த கல்வி எம் கரைக்குப் புதிதன்று. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமாவார். 1947இல் வெளிவந்த யாழ்நூல் இவ்விரு கல்வியும் கூடிப் பெற்ற பிள்ளை. எங்கள் அட்டாளைச்சேனைக்கு அணித்தாய் ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தடயவியலைத் துணைப்பாடமாக்குமாயின், கைரேகை வேடிக்கைகளைத் தொகுத்துக் காட்டும் பாடமாக அதனை அமைத்தல் தகாது. சான்றை ஐயுறும் முறையே முதலிற் பயிற்றப்படல் வேண்டும்.

இக்காதையை நடத்திய நாளொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “கோவலன் உயிரோடிருக்கும்போதே சிலம்பை உடைத்துப் பார்த்திருக்கலாமே, சேர்?” என்றாள். உடைக்குமாறு ஆணையிட வேண்டியவன் அந்நேரம் தேவியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருந்தான் என்றேன்.