குடும்பச் சட்ட ஆராய்ச்சியும் கைவிடப்பட்ட மனைவியும்

ஒரு சமுதாயத்தின் குடும்பச் சட்டத்தை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அச்சமுதாயத்தின் சொத்தையே ஆராய்ந்து முடிக்கின்றனர். காணி யாருக்குச் சேரும், முதுசம் எவ்வழியிற் செல்லும், சீதனத்தை விற்கும் உரிமை யாருக்குண்டு என்பனவே அவர்களின் முதன்மையான வினாக்கள். மணவாழ்வு முறிந்த மறுநாள் ஒரு பெண் எந்தக் கூரையின்கீழ் உறங்குவாள், அவளுடைய பிள்ளைகளுக்குச் சோறிடுபவர் யார் என்ற வினா அவ்வாராய்ச்சிகளின் கடைசிப் பக்கங்களிலேனும் எழுவது அரிது. மட்டக்களப்புப் பிரதேசத்து மண உறவுகள் பற்றியும் இலங்கையின் மணநீக்கச் சட்டம் பற்றியும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எழுந்த நூல்கள் சிலவற்றை ஒருங்கே வைத்து நோக்கியபோது எமக்குத் தோன்றிய எண்ணம் இது. நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். தமிழ் பயின்று தமிழ் கற்பிப்பவர். எனினும் மக்களின் வாழ்வைக் கட்டுப்படுத்தும் நூல்களை மக்கள் பக்கம் நின்று மதிப்பிடுவதும் விமர்சனத்தின் கடமையே என்பது எமது துணிபு.

இவ்வரிசையில் முதலில் நிற்பது, கிறிஸ்தோப்பர் பிரிற்றோ 1876இல் வெளியிட்ட முக்குவர் சட்டம் பற்றிய ஆங்கில நூல். ஓர் ஆணின் முதுசம் அவன் பெற்ற மக்களுக்குச் செல்லாது, அவனுடைய சகோதரியின் மக்களுக்கே செல்லும் என்ற தாய்வழி உரிமை முறையை எழுத்தில் வடித்த பெருமை அந்நூலுக்கு உண்டு. ஆனால் வரலாற்றின் முரணைப் பாருங்கள். அதே 1876ஆம் ஆண்டிலேயே குடியேற்ற அரசாங்கம் விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. கண்டியச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம் ஆகியவற்றுக்கு உட்படாத யாவருக்கும் ஒரே பொது முறை வகுக்கப்பட்டது. முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் அத்துடன் உயிரிழந்தது. சாதக ஓலையும் மரண ஓலையும் ஒரே ஆண்டில் எழுதப்பட்டன.

பிரிற்றோவின் நூலை இன்று படிப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. தாய்வழி என்பது தாயாட்சி ஆகாது. உரிமை பெண்ணின் வயிற்றின் வழியே சென்றது உண்மை. அதனை ஆண்டவர்கள் பெரும்பாலும் தாய்மாமன்மார். கோயில்களில் குடிவழி வரும் வண்ணக்கர் பதவியை நோக்குக: தாயின் குடியே தகுதியைத் தருகிறது, பதவியில் அமர்பவரோ ஆண். இதனை உணராதோர், பண்டைய மட்டக்களப்பில் பெண் அரசியாக வாழ்ந்தாள் என்று மேடைகளில் முழங்குகின்றனர். ஆராய்ச்சியைப் பெருமைக்குப் பயன்படுத்தும்போது உண்மை ஒதுங்கிக்கொள்கிறது.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் எச். டபிள்யூ. தம்பையா. 1954இல் வெளிவந்த, இலங்கைத் தமிழரின் சட்டங்களும் வழக்கங்களும் பற்றிய அவரது ஆங்கில நூல், யாழ்ப்பாணத்துத் தேசவழமையோடு முக்குவர் சட்டத்தையும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக ஏற்றது. அது பாராட்டுக்குரியது. ஏனெனில் இன்றும் நம்மிடையே படித்தோர் பலர் தேசவழமையைத் தமிழர் அனைவரின் சட்டமாகக் கருதி மயங்குகின்றனர். தேசவழமை, 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலிமாரின் ஒப்புதலைப் பெற்ற யாழ்ப்பாண வழக்கம். அந்தப் பன்னிருவருள் ஒரு பெண்ணும் இல்லை. அச்சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் விதித்தது. களுதாவளைப் பெண்ணை அவ்விதி கட்டுப்படுத்தாது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி அவளுடைய வீடும் வளவும் அவளுடையவையே. இந்த வேறுபாட்டை அறியாமல், “உன் புருஷன் ஒப்பமிடாமல் விற்க ஏலாது” என்று ஒரு பெண்ணை மிரட்டுவோர் இருப்பார்களாயின், குற்றம் அவள் மீதா? தம்பையாவின் நூல் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது என்பதன் விலை இதுதான்.

தமிழில் எழுதியோர் என்ன செய்தனர்? எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் (1964) இப்பிரதேசத்தின் குடிகளையும் கோயில்களையும் மரபுகளையும் நமக்கு மீட்டுத் தந்தன. அவ்வறிஞர்களின் உழைப்பின்றி நாம் நம்மையே அறிந்திருக்க மாட்டோம். ஆயினும் அவர்களுக்குப் பின்வந்த நாம் அவ்வழியில் நெடுந்தூரம் நடக்கவில்லை. குடிப்பெயர்களை மனப்பாடமாக ஒப்புவிக்கிறோம். அக்குடியிற் பிறந்த பெண்ணின் அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த அடுப்படியை எட்டிப் பார்த்தவர்கள் பிற துறையினர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008இல் தம் பெருநூலை வெளியிட்டார். முக்குவர் சட்டம் ஏட்டில் இறந்தபின்பும் தாய்வழி மரபு வேறோர் ஆடையில் வாழ்கிறது என்பதை அவ்வாராய்ச்சி காட்டியது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டையும் வயலையும் மகளுக்குச் சீதனமாக எழுதுகின்றனர். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியேறுகிறான். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு எழுகிறது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் பொதுவானது. எழுவான்கரையில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் இதனைக் கண்ணாரக் காணலாம்: அக்காளின் வளவுக்கு அடுத்தது தங்கையின் வளவு, இரண்டுக்கும் நடுவே தாய்.

இதன் பயன் மணமுறிவின்போது வெளிப்படுகிறது. யாழ்ப்பாணத்திலோ தமிழகத்திலோ மணம் முறிந்தால் பெரும்பாலும் பெண்ணே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இங்கு வெளியேறுபவன் ஆண். கூரை பெண்ணோடு நிற்கிறது. தாயும் சகோதரிமாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றனர். இஃது எளிய பாதுகாப்பன்று.

எனினும் கூரை மட்டும் வாழ்க்கையாகிவிடுமா? கிழக்கிலங்கையில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் நூலெழுதிய காஞ்சனா றுவன்புர இவ்வினாவையே எழுப்பினார். தாய்வழிச் சமுதாயம் என்ற பெயருக்குள்ளும் ஆணாதிக்கத்தின் நடைமுறை வாழ்கிறது என்பதே அவர் கண்ட முடிபு. பெண்ணுக்கு வீடு எழுதப்படுவது உண்மை. அந்த வீட்டைக் கட்ட முடியாத ஏழைத் தகப்பனின் மகளுக்கு மாப்பிள்ளை வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. உடைமையற்ற வர்க்கத்துப் பெண்ணுக்குத் தாய்வழி மரபு ஒரு பழங்கதை. மரபைப் போற்றி எழுதுவோர் வசதியாகத் தாண்டிச் செல்லும் இடம் இது.

இனி மணநீக்கச் சட்டத்துக்கு வருவோம். தேசவழமைக்கு உட்பட்டவராயினும் இல்லாவிடினும், இலங்கைத் தமிழரின் மணத்தையும் மணநீக்கத்தையும் ஆண்டுவந்தது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது மூன்றே காரணங்களை வகுத்தது: மணத்துக்குப் பின்னான சோரம், வன்மத்துடன் கைவிட்டு நீங்குதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை. ஒருவர் குற்றவாளி, மற்றவர் குற்றமற்றவர் என்று மன்றில் நிறுவினாலன்றி முடிச்சு அவிழாது. ஷிராணி பொன்னம்பலம் 1982இல் எழுதிய, இலங்கையில் சட்டமும் விவாக உறவும் பற்றிய நூல் இத்துறை மாணவர்க்கு அடிப்படையானது. 1987இல் சாவித்திரி குணசேகர எழுதிய, பெற்றோரும் பிள்ளையும் பற்றிய இலங்கைச் சட்ட நூல் ஆய்வின் கண்ணைக் குழந்தையின் பக்கம் திருப்பியது. இவ்விருவரும் பெண்கள் என்பது தற்செயலான செய்தியன்று.

இத்துறையில் அறிஞரும் நீதிபதிகளும் வாதிட்ட ஒரு சிக்கலை இங்கே சொல்வது தகும். 1977இல் புதுப்பிக்கப்பட்ட குடியியல் நடைமுறைச் சட்டத்தின் 608ஆம் பிரிவு, ஏழாண்டுகள் பிரிந்து வாழ்ந்த கணவனோ மனைவியோ மணநீக்கம் கோரலாம் என்றது. குற்றம் நிறுவாமலே இதனைப் பெறலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கொண்ட கருத்து 1984இன் சட்ட அறிக்கைத் தொகுதியிற் காணப்படுகிறது. 1986இல் உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. ஏழாண்டுகள் பிரிந்திருந்தாலும் பழைய மூன்று காரணங்களுள் ஒன்றை நிறுவியே தீரவேண்டும் என்றது. ஆயின் ஏழாண்டுப் பிரிவு பற்றிய அப்பிரிவுக்குத் தனியே என்ன பயன்? இவ்வினா சட்ட மாணவரின் பரீட்சைத் தாளில் ஓர் அழகிய வினா. கணவன் எங்கேயென்று தெரியாமல் நாட்களை எண்ணும் பெண்ணுக்கோ அது வயதைத் தின்னும் வினா.

இக்குற்றக் கொள்கைக்கு உரோம ஒல்லாந்தர் சட்டம் மூலம் என்பர். அந்த ஒல்லாந்தரே 1971இல் அதனைக் கைவிட்டு, மணம் மீளமுடியாதபடி சிதைந்துவிட்டமையே போதிய காரணம் என்றனர். அச்சட்டத்தின் மற்றொரு வாரிசான தென்னாபிரிக்கா 1979இல் அவ்வாறே செய்தது. இங்கிலாந்து 2022 ஏப்ரல் முதல் குற்றச்சாட்டே வேண்டாம் என்றது. தொலைநாடுகள் போகட்டும், நமது நாட்டிலேயே 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டம், இருவரும் இசைந்தால் மாவட்டப் பதிவாளர் முன்னிலையில் பிரியலாம் என்கிறது. ஆனால் அதே சட்டம் மனைவியின் சோரத்தைத் தனிக் காரணமாகக் கொண்டு, கணவனின் சோரத்துக்கு வேறு நிபந்தனை விதித்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகச் சட்டம் காதி பதவியை ஆண்களுக்கே உரியதாக்கியது. அதனைத் திருத்தக் கோரி முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாகப் போராடி வருகின்றனர். ஒரே வாவியின் கரையில் வாழும் மூன்று பெண்களுக்கு மூன்று கதவுகள். எந்தக் கதவும் அவளைக் கேட்டு அமைக்கப்பட்டதன்று.

நடைமுறையில் ஏழைகள் நீதிமன்றப் படியேறுவதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை. தவணைக்குத் தவணை கூலிவேலையை விட்டுப் போக முடியாது. ஆண் போய்விடுகிறான், சில வேளை வேறோர் ஊரில் வேறொரு குடும்பமும் அமைத்துக்கொள்கிறான். பெண்ணோ பதிவேட்டில் மனைவி, வாழ்வில் தனியள். அவள் மறுமணம் செய்தால் சட்டம் அதனைக் குற்றமென்னும். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகியவை அவளுக்குத் துணையாக உள்ளன. ஆனால் அவற்றின் பெயரையேனும் அவளுக்குச் சொன்னவர் யார்? நமது மொழி அவளுக்கு ஒரு பெயரைத் தயாராக வைத்திருக்கிறது: வாழாவெட்டி. விட்டுப்போனவனுக்கு அப்படி ஒரு பெயரைத் தமிழ் ஆக்கவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடக் கேட்டுக் கண்ணீர் சிந்துகிறோம். கணவனாற் கைவிடப்பட்டு, பின்பு மன்றேறி நீதி கேட்டவளைத் தெய்வமாக்கிய மக்கள், தம் ஒழுங்கையில் வாழும் கண்ணகியை வாழாவெட்டி என்கின்றனர்.

பெண்ணுக்கு எஞ்சிய அந்தக் கூரையும் இப்போது ஐயத்துக்குள்ளாகியுள்ளது. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடு அலையோடு போயிற்று. திரும்பி வந்த வீடு தகப்பன் பெயரில் வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அரசாங்கக் காணியின் வாரிசு வரிசையில் ஆணையே முன்னிறுத்தியிருந்தது. அது திருத்தப்பட 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. 1876இல் ஒரு கட்டளைச் சட்டம் செய்ததை, ஒரு நூற்றாண்டு கடந்தபின் ஒரு விண்ணப்பப் படிவம் செய்து முடித்தது. மட்டக்களப்பின் உரிமை மரபை அறிந்த ஒருவர் அப்படிவத்தை எழுதிய மேசையருகே இருந்திருந்தால் இது நிகழ்ந்திராது. ஆராய்ச்சி நூலகத்தில் உறங்குவதன் தீங்கு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியவில்லை.

ஆகவே குடும்பச் சட்டத்தைப் போதிப்போரிடம் நாம் வேண்டுவன சில. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் சட்டத்துறை தொடங்கியது; அன்று முதல் எழுந்த அறிவில் ஒரு பங்கேனும் மக்கள் மொழியில், மக்களுக்கு விளங்கும் நடையில் வெளிவரட்டும். மணநீக்கத்தைக் கற்கும் மாணவர் தீர்ப்புத் தொகுதிகளோடு நின்றுவிடாமல் படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு வாரமேனும் தங்கி, நீதிமன்றத்துக்கு வராத வழக்குகளையும் கேட்கட்டும். கேட்டதைப் பெண்களின் வாய்மொழியிலேயே பதிவு செய்யட்டும். நம்மைப் போன்ற பாடசாலை ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. பாராளுமன்றத்தின் அமைப்பை விளக்கும் நாம், திருமணப் பதிவேட்டில் ஒப்பமிடுவதன் பொருளையும், வீட்டு உறுதியில் யார் பெயர் உள்ளதென்று பார்க்கும் பழக்கத்தையும் உயர்வகுப்பு மாணவ மாணவியர்க்குச் சொல்லிக் கொடுத்தால் வானம் இடிந்து விழாது.

மணநீக்கத்தை எளிதாக்கினால் குடும்பம் சிதையும் என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் சிதைந்த குடும்பத்தைச் சிதையாததாகப் பதிவேட்டில் வைத்திருப்பதால் குடும்பம் காக்கப்படுவதில்லை. பொய் ஒன்றே காக்கப்படுகிறது. அப்பொய்யின் பாரத்தை ஆண் சுமப்பதில்லை.

பிரிற்றோவின் நூல் வெளிவந்து நூற்றைம்பது ஆண்டுகளாகின்றன. யார் யாருக்கு வாரிசு என்பதை அறிஞர்கள் நமக்குப் போதிய அளவு சொல்லிவிட்டனர். வீட்டு உறுதியில் யார் பெயர், மன்றில் யாருடைய சொல், பதிவேட்டில் யாருடைய விடுதலை என்பனவே இனி எழுதப்பட வேண்டிய அத்தியாயங்கள். அவை தமிழிலே எழுதப்படும் நாளில், வெற்றிலைக் கொழுந்து கிள்ளும் கையும் அந்நூலைப் புரட்டிப் படிக்கும்.