பாரதியின் ‘குரு கோவிந்தர்’: காளியும் ஓங்காரமும்

பாரதியின் ‘குரு கோவிந்தர்’ விக்கிரம ஆண்டு 1756இல், அதாவது கி.பி. 1699இல் தொடங்குகின்றது. ஆனந்தபுரத்தில் வாளேந்திய குரு சீடரிடம் உயிர்ப்பலி கேட்கிறார். ஐவர் ஒருவர்பின் ஒருவராய் எழுகின்றனர். கூடாரத்துள் வெட்டுண்டவை ஆடுகளே என்பது பின்னர்தான் தெரிகின்றது. வாசகர் மனத்தில் நிற்பது இந்நாடகமே.

ஆயின், பலி வேண்டுபவள் யார்? காளி என்கிறார் பாரதி. அவளைத் தாய்நாட்டோடு ஒன்றாக்கியும் விடுகிறார். இங்கேதான் நமக்கு உடன்பாடில்லை. குரு நானக் (1469–1539) கண்ட இறை ஒன்றே. பிறப்பற்றது, உருவற்றது, பகையற்றது. நாமத்தை நினைத்தல், நேர்மையாய் உழைத்தல், பகிர்ந்துண்ணல் ஆகியனவே அவர் நெறி. தேவி வழிபாட்டுக் கதை பிற்காலச் சீக்கிய நூல்கள் சிலவற்றிலும் உண்டு என்பது மெய்யே. எனினும், காளி தேவைப்பட்டது சுதேசிக் காலக் கவிஞனுக்கு. நானக்கின் நெறிக்கு அன்று.

கவிதை சீக்கியத்தின் உயிர்நிலையைத் தொடுமிடம் வேறு. ஐவருக்குத் தீட்சை அளித்த குரு, அவர்களிடமே தாமும் தீட்சை பெறுகிறார். அவ்வைவருள் நாவிதரும் நீர் சுமப்பவரும் இருந்தனர் என்பது மரபு. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கோயிலொன்றில், பந்தியில் யார் முதலில் அமர்வதென்று வழக்கெழக் கண்டவன் நான். பலியைவிட இவ்வணக்கமே என்னை உலுக்கியது. ‘லங்கர்’ எனும் குருமாரின் பொதுப் பந்தியில் அனைவரும் ஒரே தரையில் அமர்ந்தே உண்ண வேண்டும். அக்பரும் அவ்வாறே உண்டாரென்பர். பாரதியின் வாளொளியில் அப்பந்தி கண்ணுக்குப் படுவதில்லை.