நூற்றுக்கு நானூறா?

வெந்நீர்க் கருவி விளம்பரங்களில் ஒரு வாசகம் தென்படுகிறது: 'திறன் நூற்றுக்கு நானூறு!' ஆற்றல் அழிவின்மை விதியைப் பள்ளியில் படித்த நீங்கள் திகைத்திருப்பீர்கள். வாசகம் பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. மறு பாதியை இங்கே ஆராய்வோம்.

ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப எக்கி, கமலையைப் போன்றது. மாடு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் இருப்பதை மேலே ஏற்றுகிறது. அதுபோல இக்கருவியின் கம்ப்ரஸர், வெளியிலுள்ள வெப்பத்தைத் தொட்டி நீருக்கு ஏற்றுகிறது. 200 லிட்டர் நீரின் வெப்பநிலையை 30 டிகிரி உயர்த்தச் சாதாரண மின் ஹீட்டருக்கு ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும். மூன்றரை மடங்கு தரும் வெப்ப எக்கிக்கு 2 யூனிட் போதும். மீதி 5 யூனிட் வெளியிலிருந்து கிடைப்பது.

கிணறு ஆழமானால் மாட்டுக்கு உழைப்பு கூடும் அல்லவா? இங்கே ஆழம் என்பது வெப்பநிலை வேறுபாடு. 60 டிகிரி வெந்நீர் வேண்டுமென்று கொள்வோம். வெளிக்காற்று 35 டிகிரியானால் இயற்கை விதி அனுமதிக்கும் உச்சவரம்பு 13 மடங்கு. 5 டிகிரியானால் 6 மடங்குதான். நடைமுறைக் கருவிகள் இதில் பாதியை எட்டுவதே அரிது. ஆகவே வெப்பநிலைகளைக் குறிப்பிடாத 'நானூறு' பொருளற்றது.

வகைகளைப் பற்றிய வருணனையிலும் இதே குறை உண்டு. மண்ணில் குழாய் புதைக்கும் வகையே உயர்ந்தது என்கிறார்கள். உறைபனி நாடுகளுக்கு அது சரி. கோவில்பட்டிக் கரிசலோ கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்தால் வெப்பக் கடத்தல் குறையும். நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையை, 1938 இல் சூரிச் நகர மன்றம் லிம்மட் ஆற்றை நம்பி அமைத்தது. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே தாமிரபரணித் தண்ணீரை வரவழைக்கும் ஊருக்கு அது பொருந்துமா?

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையே நமக்கு ஏற்றது. அதிலும், ஜப்பானில் 2001 இல் விற்பனைக்கு வந்த கரியமில வாயு வகை, உள்ளே வரும் நீர் குளிர்ந்திருந்தால்தான் சிறக்கும். வெயிலில் காய்ந்த மாடித் தொட்டி நீருக்கு அது வேண்டியதில்லை. கருவியை விடியற்காலையில் அன்றி நண்பகலில் இயக்கி வெந்நீரைச் சேமித்தால் பலன் கூடும்.

நாள்தோறும் வெந்நீர் செலவாகும் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றில் போட்ட முதல் திரும்பும். மார்கழியில் இரண்டு வாளி போதும் என்னும் வீட்டுக்கு இது வீண் செலவே. விலையைக் கேட்குமுன் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: "காற்று எத்தனை டிகிரியில் இருக்க, நீரை எத்தனை டிகிரிக்குச் சூடாக்கும்போது இந்த நானூறு?" விடை வந்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.