மொக்கு, ரேக்கு, புட்டா: துணி வடிவச் சொற்களின் மொழிபெயர்ப்பு

1. தில்லி மேற்குக் கிட்வாய் நகரில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தில்லி ஹாட், பல மாநிலக் கைவினைஞர்கள் முறைவைத்துக் கடை விரிக்கும் சந்தையாகும். காஞ்சிபுரப் பட்டும் இராசத்தானத்துச் சாங்கானேர் அச்சுத் துணியும் வந்து கூடும் இத்தகைய இடத்தில், அவற்றின் பூவேலைப்பாடுகளை எச்சொல்லால் குறிப்பது என்னும் சிக்கல் மொழிபெயர்ப்பாளர்க்கு எழுகிறது. ஆங்கிலத்தின் 'ஃப்ளோரல் மோட்டிஃப்' என்னும் தொடரை 'மலர் வடிவம்' எனப் பெயர்ப்பது பிழையன்று, ஆயின் போதுமானதன்று.

2. தமிழ் நெசவாளர் வழக்கு மலரைப் பொதுமையில் கூறி அமைவதில்லை. 'மல்லிமொக்கு' என்பது விரியாத நிலையைச் சுட்டுகிறது. 'தாழம்பூ ரேக்கு' என்பதில் பூ என்னும் பெயர் இருப்பினும், தாழையில் கண்ணுக்குப் புலப்படுவது கூர்முனை கொண்ட மடலே. அரும்பு, முகை, போது, மலர், வீ எனப் பூவின் பருவங்களை வேறுபடுத்தும் மொழிமரபு தொழில்வழக்கிலும் உயிர்ப்புடன் இருப்பதை இவை காட்டுகின்றன. 'மல்லிகை மலர்' என்று பெயர்த்து எழுதினால் ஓவியர் விரிந்த பூவை வரைவார். நெசவாளர் கருதியதோ மொக்கு. சொல்லில் நேரும் பிழை துணியிலும் பிழையாகிறது.

3. ஒலியொப்புமையும் இடர் தருவதாகும். அச்சுத் தொழிலில் 'ரேக்' என்பது உருவின் புறக்கோட்டைப் பதிக்கும் அச்சுக்கட்டை. கோடு எனப் பொருள்படும் 'ரேகா' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. தமிழ் 'ரேக்கு' இதனின் வேறானது. இதழையும் மெல்லிய தகட்டையும் குறிக்கும் தெலுங்கு 'ரேகு' என்பதனோடு பொருந்துவது. ஒன்று கருவியின் பெயர். மற்றொன்று உருவின் பெயர்.

'பூட்டா', 'பூட்டி' என இந்தி ஈற்றொலியாலேயே பெரிய உருவையும் சிறிய உருவையும் வேறுபடுத்துகிறது. தமிழில் 'புட்டா' பரவலாக வழங்குகிறது. 'புட்டி' என்று எழுதினாலோ குப்பியே நினைவுக்கு வரும். எனவே 'சிறு புட்டா' என அடைகொடுத்துக் கூறுதலே தக்கது.

4. 'மாங்காய்' உரு மேலும் சிக்கலானது. 17ஆம் நூற்றாண்டுக் காசுமீரச் சால்வைகளில் பூத்த செடியாக விளங்கிய உரு, படிப்படியாக இறுகி, 19ஆம் நூற்றாண்டில் நுனி வளைந்த கூம்பாயிற்று. அச்சால்வைகளைப் போன்று நெய்த சுகாத்துலாந்து நகரின் பெயரால் ஆங்கிலம் அதனைப் 'பெய்சுலி' என்றது. தமிழ் அதில் காயைக் கண்டது. வரலாற்றால் மலரும் வழக்கால் காயுமான இதனை 'மலர் வடிவம்' என்றால் தமிழ் வாசகர் மயங்குவர். 'பெய்சுலி' என்றால் அயன்மைப்படுவர்.

5. 'சர்ஃபேஸ் டிசைன்' என்பதை 'மேற்பரப்பு வடிவமைப்பு' என்பதும் ஆய்வுக்குரியது. அச்சுத் துணிக்கு அது பொருந்தும். பட்டுப் புடவையின் புட்டாவோ மேலே இடப்படுவதன்று. ஊடையோடு கூடுதல் சரிகை இழை சேர்த்து நெய்யப்படுவது. ஆங்கிலப் பாகுபாட்டை அவ்வாறே ஏற்கும்போது தறிக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாடு மறைகிறது.

6. தொழிற்சொல்லை ஒலிபெயர்த்து நிறுத்துதல் மட்டும் தீர்வாகாது. அது பிறமொழி வாசகர்க்குப் பொருள் தராது. தொழிற்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொண்டு, செடியின் எவ்வுறுப்பு, எப்பருவம், எவ்வகை வேலைப்பாடு என்னும் மூன்றையும் விளக்கும் அகராதிப் பதிவே தேவை. அதற்கு நூல்களைவிடத் தறியும் அச்சுப்பலகையும் முதன்மைச் சான்றுகளாதல் வேண்டும்.