கருத்தாவும் கருவியும்: டோல்கியன் புனைவில் தீச்செயலும் பெருநன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

மிகுபுனைவு இலக்கியத்தில் எதிர்த்தலைவன் புரியும் கொடுஞ்செயல் இறுதியில் ஒரு பெருநன்மைக்கு வழிவகுக்குமாயின், அச்செயலை நியாயப்படுத்தலாமா என்னும் வினா வாசகரிடையிலும் திறனாய்வாளரிடையிலும் தொடர்ந்து எழுந்து வருகிறது. ஜே. ஆர். ஆர். டோல்கியனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55), அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘தி சில்மரில்லியன்’ (1977) ஆகிய நூல்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. தீமையிலிருந்து நன்மை விளையக்கூடும் என்பதை இந்நூல்கள் ஏற்கின்றன. ஆயினும் அந்நன்மையைத் தீயவனின் வரவாகக் கொள்ள அவை இடம் தரவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, டோல்கியன், எதிர்த்தலைவன், கருத்தா, கருவி, இரக்கம்.

முன்னுரை

‘தீயவனின் செயல் நன்மையில் முடிந்தது’ என்னும் கூற்றில் மூன்று வினாக்கள் கலந்துள்ளன. அவன் நன்மையை நோக்கிச் செய்தானா? அவன் நோக்காத நன்மை விளைந்ததா? நன்மை விளைந்தமையால் அச்செயல் சரியாகிவிடுமா? இவற்றைப் பிரிக்காமல் விவாதிக்கும்போது முடிவின் சிறப்பு செயலின் கொடுமையை மறைத்துவிடுகிறது.

இம்மூன்றையும் பிரித்தறியத் தமிழ் இலக்கணம் ஒரு கருவியைத் தருகிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாகக் கருவி, கருத்தா, உடனிகழ்வு ஆகியவற்றை நன்னூல் கூறும். ‘சிற்பியால் செதுக்கப்பட்டது’, ‘உளியால் செதுக்கப்பட்டது’ என்னும் இரு தொடர்களிலும் உருபு ஒன்றே, பொருள் வேறு. சிற்பத்தின் அழகுக்காக எவரும் உளியைப் புகழ்வதில்லை. டோல்கியனின் எதிர்த்தலைவர்கள் தம்மைக் கருத்தாவாக எண்ணிக் கருவியாக முடிபவர்கள் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கருதுகோள்.

இசையும் குளிரும்

‘தி சில்மரில்லியன்’ படைப்புக் கதையுடன் தொடங்குகிறது. படைப்போனாகிய இலூவதார் தரும் கருப்பொருளை ஐனூர்கள் இசையாக விரிக்கின்றனர். அவர்களுள் பேராற்றல் வாய்ந்த மெல்கோர் தன் பெருமைக்காக அவ்விசையைக் குலைக்கிறான். எந்த இசையும் தன்னையே மூலமாகக் கொண்டது என்றும், அதை மாற்ற முயல்பவன் தான் எண்ணியிராத வியத்தகு பொருள்களுக்குத் தன் கருவியாகவே அமைவான் என்றும் இலூவதார் அறிவிக்கிறார். பின்னர் நீருக்குரிய உல்மோவிடம் அதற்குச் சான்றும் காட்டுகிறார். மெல்கோர் வகுத்த கடுங்குளிர் நீரின் அழகை அழிக்கவில்லை. அதிலிருந்து பனி தோன்றியது. அவனது கடும் வெப்பத்திலிருந்து மேகமும் மழையும் தோன்றின.

இப்பகுதியை மட்டும் படிக்கும் வாசகர், மெல்கோர் இன்றேல் பனியின் அழகும் இல்லை. எனவே அவன் செயல் தேவையானது என்று முடிவுகட்டக்கூடும். ஆனால் நூல் இங்கு நின்றுவிடவில்லை. பிற்பகுதியில் ஃபிங்கோல்ஃபினைப் பின்பற்றிய நோல்டோர் மக்கள் ஹெல்கராக்ஸே என்னும் வடதிசைப் பனிப்பரப்பைக் கடக்கின்றனர். பலர் அங்கு மாய்கின்றனர். துர்கோனின் மனைவி எலென்வேயும் அப்பனியிலேயே உயிரிழக்கிறாள். உல்மோவுக்கு அழகாகக் காட்டப்பட்ட குளிரே இவர்களுக்குச் சாவாகிறது. இவ்விரு பகுதிகளையும் இணைத்துப் படிக்கும்போது, பனியின் அழகு எலென்வேயின் சாவை ஈடுசெய்ததாக நூல் எங்கும் கூறாமை புலப்படும். அழகும் உண்மை, இழப்பும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய இயலாது.

சாருமானின் கணக்கு

பெருநன்மை என்னும் வாதத்தை டோல்கியன் அறியாதவர் அல்லர். அதை ஒரு பாத்திரத்தின் வாயிலாகவே முழுமையாகப் பேசச் செய்கிறார். ஆர்த்தாங்க் கோபுரத்தில் சாருமான் காண்டால்ஃபிடம் முன்வைப்பது அவ்வாதமே. எழுந்துவரும் வல்லமையுடன் சேர்ந்துகொள்ளலாம். வழியில் நேரும் தீமைகளுக்கு வருந்தலாம். அறிவு, ஆட்சி, ஒழுங்கு என்னும் உயர்ந்த குறிக்கோள் மாறாது. மாறுவது வழிமுறை மட்டுமே என்கிறான் அவன். இங்கு நன்மை விளைவாக அல்லாமல் முன்கூட்டியே போடப்பட்ட கணக்காக நிற்கிறது. அக்கணக்கைப் போடுபவன் ஒருவன். விலை கொடுப்பவர் வேறு பலர். பின்னர் வெட்டி வீழ்த்தப்படும் ஃபாங்கோர்ன் காட்டின் மரங்களும், எரிக்கப்படும் ரோகான் நாட்டுக் குடியிருப்புகளும் அவ்விலையின் பகுதிகள்.

டோல்கியன் கத்தோலிக்கர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. நன்மை வரும்படி தீமை செய்யலாம் என்னும் கூற்றைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரம் மறுக்கிறது. அதே மரபில் வந்த அகுஸ்தீன், தீமையினின்றும் நன்மையை விளைவிக்க இறைவன் வல்லவன் என்கிறார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது செய்வோனுக்குரிய விதி. பின்னது செய்து முடிந்த தீமையின் பின்னும் எஞ்சும் நம்பிக்கை. சாருமான் பின்னதை முன்னதன் இடத்தில் வைக்கிறான். அவன் பிழை அதுவே.

கோலமும் இரக்கத்தின் இரு விளைவுகளும்

மோதிரத்தின் அழிவு இவ்விவாதத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சியாகும். ஊழ்மலையின் நெருப்புப் பிளவருகே ஃப்ரோடோ மோதிரத்தைத் துறக்க மறுக்கிறான். கோலம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைக் கவர்ந்து, களிப்பில் கால் தவறி அதனுடன் நெருப்பில் வீழ்கிறான். உலகம் மீள்கிறது. கோலமால் மோதிரம் அழிந்தது என்பது உண்மையே. அந்த ‘ஆல்’ கருவிப்பொருளில் வந்ததாகும். அவன் நாடியது மோதிரத்தை உடைமையாக்கிக்கொள்வது மட்டுமே.

அவ்வாறாயின் நன்மையின் கருத்தா யார்? அவனை உயிரோடு விட்டவர்களின் இரக்கத்தை நூல் சுட்டுகிறது. பில்போ அவனைக் கொல்லவில்லை; ஃப்ரோடோவும் சாமும் கொல்லவில்லை. 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ முதற்பதிப்பில் பில்போவின் இவ்விரக்கம் இடம்பெறவில்லை. 1951ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலேயே அது சேர்ந்தது. இதைக் கதைப்பின்னலின் தேவை என்று மட்டும் கொள்வதற்கில்லை.

எனினும், இரக்கம் நல்விளைவு தந்ததால் சரியானது என்று கூறுவதும் சாருமானின் கணக்கையே வேறு வடிவில் போடுவதாகும். அதற்கும் நூல் இடமளிக்கவில்லை. காண்டால்ஃப் முற்காலத்தில் ஓலோரின் என்னும் பெயருடன் நியென்னாவிடம் இரக்கத்தையும் பொறுமையையும் கற்றவர். உலகத்தின் துயருக்காக ஓயாது அழும் அந்த நியென்னாவே, மூன்று ஊழிக்காலம் சிறையிருந்த மெல்கோர் மன்னிப்பு வேண்டியபோது அவனுக்காகப் பரிந்து பேசியவள். விடுதலை பெற்ற மெல்கோர், ஒளிதரும் இரு மரங்களை அழித்து ஃபின்வேயையும் கொன்றான். ஒரே ஊற்றிலிருந்து பிறந்த இரக்கம் ஓரிடத்தில் பேரழிவுக்கும் மற்றோரிடத்தில் மீட்சிக்கும் இடமளித்தது. இருந்தும் நியென்னாவை நூல் எங்கும் பழிக்கவில்லை. தீச்செயலின் தீமையை நல்விளைவு நீக்காதது போலவே, நற்செயலின் நன்மையைத் தீயவிளைவு நீக்காது என்பது இதனால் பெறப்படும்.

மாண்டோஸின் சொல்

இக்கருத்துக்கு வெளிப்படையான சான்றும் உண்டு. ஃபியனோரின் கிளர்ச்சிக்குப் பின், இதனாலும் உலகில் புதிய அழகு பிறக்கும். தீமையும் நேர்ந்தது நல்லதே என்றாகும் என்று மன்வே ஆறுதல் கொள்கிறார். உடனே மாண்டோஸ், அது தீமையாகவே இருக்கும் என்று சேர்க்கிறார். மன்வேயின் நம்பிக்கையை அவர் மறுக்கவில்லை. அதன் எல்லையைக் குறிக்கிறார். இறந்தோரின் இல்லத்துக்குரியவர் இதைச் சொல்வது பொருத்தமானது. இழந்தவர்கள் அவரிடமே இருக்கின்றனர்.

இங்கு ஒரு தடை எழலாம். மெல்கோர் கருவியெனின், கருவியைக் கையாண்ட இலூவதாரே கொடுமைக்கும் பொறுப்பாளர் ஆகாரோ? உரையாசிரியர்கள் வகுத்த ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்னும் பாகுபாடு இதற்கு ஓரளவு விடை தரும். இலூவதார் மெல்கோரை ஏவவில்லை. குலைப்பது அவனது சொந்த விருப்பம். கோடாத உளியைச் சிற்பி நடத்துவதற்கும், தானே கோடிய ஒன்றன் கீறலைச் சிற்பத்துள் அடக்குவதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் இவ்விடை எலென்வேக்குப் போதுமா என்பது வேறு வினா. நூல் அதற்கு விளக்கம் தரவில்லை. நியென்னாவின் கண்ணீரையே தருகிறது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. விளக்கம் தந்திருப்பின் அது இழப்பைக் கணக்கில் அடைத்திருக்கும்.

முடிவுரை

டோல்கியனின் புனைவுலகில் எதிர்த்தலைவனின் தீச்செயல் பெருநன்மைக்கு உதவுகிறது. ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லும் உரிமை செய்வோனுக்கு இல்லை. பின்னர்ச் சொல்வோரும் இழந்தவர்களை மறந்து சொல்லலாகாது. எனவே எதிர்த்தலைவர்களை மதிப்பிடும் ஆய்வு, ‘இறுதியில் என்ன விளைந்தது’ என்பதோடு நில்லாமல், அவ்விளைவின் கருத்தா யார், கருவி யார், விலை கொடுத்தோர் யார் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். மூன்றாவது வினாவை விட்டுவிடும் திறனாய்வு, தான் அறியாமலேயே சாருமானின் மொழியைப் பேசத் தொடங்கிவிடும்.